ரூட்டர் அண்ணன் சேமிக்க மறந்த வரி

அந்தப் பரிசோதனைக் கூடத்தில் அவருக்குப் பேர் ரூட்டர் அண்ணன். அவரைவிட மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். இரத்தம் எடுத்துச் சோதித்து முடிவு சொல்லும் நான்கு மாடிக் கட்டடம் அது. மூன்றாவது மாடியில், படிக்கட்டை ஒட்டி, ஒருவர் உள்ளே நின்றால் இன்னொருவர் வெளியே நிற்க வேண்டிய சின்ன அறை ஒன்று உண்டு. அங்கே ஓர் இரும்பு அலமாரிக்குள் ரூட்டர் இருந்தது. கட்டடத்தின் நூற்றுச் சொச்சம் கணினிகளும் வெளியுலகத்தோடு பேசுவது அந்தப் பெட்டி வழியாகத்தான். கூரைப் பலகையைத் தூக்கி ஒயர் இழுக்கிற ஆளாக வேலைக்குச் சேர்ந்தவர், பார்த்துப் பார்த்து, கேட்டுக் கேட்டு, திட்டு வாங்கி வாங்கி, இந்த நாற்பத்தாறு வயதில், பல வருஷங்களாகவே அந்த அலமாரிச் சாவியை இடுப்பில் மாட்டிக்கொண்டிருந்தார். அதில் அவருக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

வேலையில் கெட்டிக்காரர்தான், அதை ஒத்துக்கொள்ள வேண்டும். இணைப்பு தருகிற நிறுவனம் கூடத்துக்கு ஐந்து பொது முகவரிகள் கொடுத்திருந்தது. வெளியே இருக்கிறவர்களுக்கு அந்த ஐந்துதான் தெரியும். உள்ளே இருக்கிற கணினிகளுக்கோ வீட்டில் கூப்பிடுகிற செல்லப்பேர் மாதிரி உள் முகவரிதான், வாசலைத் தாண்டினால் அது யாருக்கும் செல்லாது. அண்ணன் அந்த ஐந்தையும் பங்கு பிரித்தார். ஊழியர்கள் எல்லோருக்கும் பொதுவாக ஒன்று. நோயாளிகள் வீட்டிலிருந்தே தங்கள் முடிவைப் பார்க்கும் ரிப்போர்ட் சர்வருக்கு ஒன்று. மின்னஞ்சல் சர்வருக்கு ஒன்று. கேமரா பதிவுக்கு ஒன்று. கடைசி ஒன்று கையிருப்பு. இந்த முகவரிக்கு வருகிறவனை உள்ளே இந்த சர்வரிடம் அனுப்பு, அதுவும் இந்த ஒரு வாசல் வழியாக மட்டும் என்று ரூட்டரில் வரி வரியாக எழுதி, ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் எதற்காக, என்றைக்கு என்று குறிப்பும் போட்டு வைப்பார்.

அந்தப் பெட்டிக்கு ஒரு குணம் உண்டு. எழுதினதும் அந்த வரி வேலை செய்ய ஆரம்பித்துவிடும். ஆனால் தனியாகச் சேமிக்கச் சொல்லாவிட்டால் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளாது. மின்சாரம் போய் வந்தால், கடைசியாகச் சேமித்தது எதுவோ அதோடு எழுந்திருக்கும். இதை அண்ணன் கட்டடம் முழுக்கப் பாடமாகவே நடத்தியிருந்தார். வரவேற்பில் ஒரு கடிதம் தட்டச்சு செய்கிறவரைக் கடந்து போனாலும் "சேமிச்சீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார். பின்னால் நடந்ததை நினைத்தால், ஊருக்குத்தான் உபதேசம் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள் என்று தோன்றும்.

ரிப்போர்ட் சர்வரைப் பார்த்துக்கொண்டவர் அண்ணனின் மனைவியுடைய தம்பி. அண்ணன் சிபாரிசில் வந்தவர், அண்ணன் மச்சான் என்று கூப்பிட்டதால் கட்டடமே மச்சான் என்று கூப்பிட்டது. கல்யாணமாகாத, முப்பத்தைந்து வயதான, நாலு கேள்வி கேட்டால் ஒரு பதில் சொல்கிற மனிதர். இருக்கிற இடமே தெரியாமல் வேலையை முடித்துவிட்டுப் போவார். அப்படிப்பட்டவரைப் பற்றிச் சிரிக்க என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். அண்ணன் ஒன்று வைத்திருந்தார்.

அதுதான் கதவுக் கதை. மதியம் சாப்பாட்டு அறையில் புதிதாக யார் வந்து உட்கார்ந்தாலும் அண்ணன் எடுத்துவிடுவார். பல வருஷத்துக்கு முன்னால் மச்சான் இவர் வீட்டில் தங்கியிருந்தபோது, ஒருநாள் கதவைப் பூட்டாமல் வெளியே போய்விட்டாராம். பூட்டாதது மட்டுமில்லை, ஆவென்று திறந்து போட்டுவிட்டுப் போய்விட்டாராம். சாயங்காலம் இவர் வேலை முடிந்து போய்ப் பார்த்தால் சோபாவில் ஒரு தெருநாய் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, யாரய்யா நீ, என்ன வேணும் என்று கேட்கிற மாதிரி இவரைப் பார்த்ததாம். நாய் பார்த்த பார்வையை அண்ணன் செய்து காட்டும்போது சாப்பாட்டு அறை குலுங்கும். மச்சானும் ஓர் ஓரத்தில் உட்கார்ந்து லேசாகச் சிரித்து வைப்பார். வருஷத்துக்கு நாலு தடவையாவது இது நடந்தது.

அந்த வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை, இரத்தம் சோதிக்கும் இயந்திரத்துக்கும் ரிப்போர்ட் சர்வருக்கும் நடுவே ஏதோ பேச்சு வார்த்தை சரியில்லை. இயந்திரம் விற்ற நிறுவனத்தின் பொறியாளர் தன் ஊரிலிருந்தே சர்வருக்குள் வந்து பார்க்க வேண்டும், எந்த வாசல் தேவைப்படும் என்று தெரியாது என்றார். அண்ணன் ரூட்டரில் எல்லா வரிக்கும் மேலே ஒரு வரி எழுதினார். ரிப்போர்ட் சர்வரின் பொது முகவரிக்கு யார் வந்தாலும், எந்த வாசலில் வந்தாலும், உள்ளே விடு. பக்கத்தில், "சோதனைக்கு மட்டும், இன்றே நீக்கணும்" என்று குறிப்பு. கை பழகின பழக்கத்தில் சேமித்தும் வைத்தார்.

பொறியாளர் இரண்டு மணி நேரத்தில் வேலையை முடித்துவிட்டு, மூடிவிடலாம் என்று போனில் சொன்னார். சொல்லிவிட்டு, உங்கள் சர்வரைப் பார்க்கிறவர் யார், இவ்வளவு ஒழுங்காக வைத்திருக்கிறவரை நான் எங்கேயும் பார்த்ததில்லை என்றும் சொன்னார். அண்ணனுக்கு அது எங்கேயோ சுருக்கென்றது. தான் கொண்டுவந்து சேர்த்த ஆளைத் தன்னிடமே ஒருவர் புகழ்கிறார். ஒழுங்கா, இருங்க, அவன் ஒழுங்கைச் சொல்றேன் என்று கதவுக் கதையை ஆரம்பித்தார். பேசிக்கொண்டே அந்த வரியை நீக்கினார். நாய் வருகிற இடத்தில் அந்தப் பக்கம் பொறியாளர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், இந்தப் பக்கம் இவரும் சிரித்தார். சிரித்தபடியே அலமாரியைப் பூட்டினார். சேமிக்கவில்லை.

நாற்பது நாள் ஒன்றுமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மின்வேலைக்காரர்கள் கட்டடத்தின் பெரிய சுவிட்சை மாற்ற எல்லாவற்றையும் அணைத்துப் போட்டார்கள். மின்சாரம் திரும்பியதும் ரூட்டர் தனக்கு ஞாபகம் இருந்ததோடு எழுந்தது. நீக்கின வரியும் கூடவே எழுந்தது.

வியாழன் காலை எட்டரை மணிக்கு ரிப்போர்ட் சர்வரில் ஒரு முடிவும் திறக்கவில்லை. வெளியிலிருந்து எவனோ உள்ளே புகுந்து எல்லா முடிவுகளையும் யாரும் திறக்க முடியாதபடி பூட்டிவிட்டுப் போயிருந்தான். மச்சான் தினமும் வேலை முடிந்து கிளம்பும் முன் தனி வட்டில் ஒரு நகல் எடுத்து, அந்த வட்டைக் கழற்றித் தனியாக வைக்கிற ஆள். அதனால் புதன் மாலை வரைக்கும் இருந்தது பிழைத்தது. அன்று காலை ஆறிலிருந்து எட்டரை வரை வந்த முப்பத்தொரு பேருடைய முடிவுகள் மட்டும் போயே போய்விட்டன. அவர்களைப் போன் செய்து திரும்ப வரவழைத்தார்கள். அதில் எட்டு மாதக் குழந்தை ஒன்று. அந்தக் குழந்தையின் கையில் நரம்பு அகப்படாமல் காலையிலேயே மூன்று தடவை குத்தியிருந்தார்கள். இரண்டாவது தடவையாக அதைப் படுக்க வைத்தபோது, ஊசியைப் பார்ப்பதற்கு முன்பே, வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் அது வீறிட்டது. அதன் அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். அண்ணன் அந்த நேரம் அந்த வழியாக மூன்றாம் மாடிக்குப் போய்க்கொண்டிருந்தார்.

அலமாரியைத் திறந்து ரூட்டருக்குள் போனார். முதல் வரியே அதுதான். பக்கத்தில் அவர் குறிப்பு, அவர் போட்ட தேதி. சோதனைக்கு மட்டும், இன்றே நீக்கணும். அன்றைக்குச் சிரித்த சிரிப்பு காதில் கேட்டது. கீழே குழந்தை அழுவதும் கேட்டது, அல்லது கேட்பதாகத் தோன்றியது. யாராவது படியேறி வருகிறார்களா என்று ஒரு தடவை எட்டிப் பார்த்தார். பிறகு வரியை நீக்கினார். இந்தத் தடவை மறக்காமல் சேமித்தார். அவர் வாழ்க்கையில் செய்த வெட்கக்கேடான காரியங்களை எண்ணச் சொன்னால் இதைத்தான் முதலில் வைப்பார், மறந்ததை அல்ல.

மதியம் நிர்வாகி அம்மா தன் அறையில் இரண்டு பேரையும் கூப்பிட்டு விசாரித்தார். இயந்திர நிறுவனம் சர்வரில் தனக்கென்று வைத்திருந்த கணக்கு ஒன்று, அதன் கடவுச்சொல் சின்னப் பிள்ளைகூடக் கண்டுபிடிக்கக்கூடியது. புகுந்தவன் அதை வைத்துத்தான் புகுந்திருக்கிறான். அதை ஏன் மாற்றவில்லை என்று மச்சானைக் கேட்டார். மாற்றினால் இயந்திரம் பேசாது, வெளியிலிருந்து அதைத் தொட வழியே கிடையாது என்பதால் விட்டு வைத்தேன் என்றார் மச்சான். அப்படியென்றால் ரூட்டரில் ஏதாவது ஓட்டை இருக்கிறதா என்று நிர்வாகி அண்ணன் பக்கம் திரும்பினார்.

"இப்பதான் பார்த்துட்டு வந்தேன் மேடம். சரியா இருக்கு."

ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை. அதுதான் கொடுமை. நிர்வாகி பெருமூச்சு விட்டு மச்சானைப் பார்த்தார்.

"வீட்டுக் கதவையே பூட்ட மறக்கிற ஆள்கிட்ட சர்வரைக் குடுத்தது என் தப்பு."

அண்ணனுக்குத் திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல் இருந்தது. அவர் கதைதான், அவர் வாயிலிருந்து கிளம்பி, நிர்வாகி வரைக்கும் போய், ஒரு மனிதனுக்கு எதிரான சாட்சியாகத் திரும்பி வந்திருந்தது. மச்சான் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார், அப்புறம் அரைக் கணம் அண்ணனைப் பார்த்தார். திங்கட்கிழமை வரை வீட்டில் இருக்கச் சொன்னார் நிர்வாகி. வேலையில் வைத்துக்கொள்வதா என்று அன்றைக்குச் சொல்வதாகவும் சொன்னார். மச்சான் தலையாட்டிவிட்டு, நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளி வைத்துவிட்டுப் போனார்.

வீட்டுக்குப் போனால் மனைவிக்கு விஷயம் முன்பே தெரிந்திருந்தது. தம்பி போன் செய்திருந்தார். சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டு அவள் எதிரே உட்கார்ந்தாள். பதினோரு வயது மகள் பக்கத்தில் பாடப் புத்தகத்துக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"அவன் கவனமில்லாதவன்னு எல்லாரும் சொல்றாங்களாமே. யாருங்க அப்படிச் சொன்னது?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"அவன் கவனமா இல்லாமப் போயிருந்தா இவ இன்னைக்கு இங்க உட்கார்ந்து அட்டை போடுவாளா? நீங்களாவது அங்க எடுத்துச் சொல்லக் கூடாதா?"

சொல்கிறேன் என்றார். சோற்றைத் தட்டோடு நகர்த்தி வைத்தார். தண்ணீர் குடித்துவிட்டு எழுந்துவிட்டார். உடம்பு சரியில்லையா என்று அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அந்தக் கையைக்கூட அவரால் தாங்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை நிர்வாகி வந்து பையை வைப்பதற்குள் அவர் வாசலில் நின்றார். எல்லாவற்றையும் சொன்னார். திறந்தது, சேமித்தது, மூடியது, சேமிக்காமல் விட்டது, நேற்று யாருக்கும் தெரியாமல் நீக்கியது. சொல்லி முடிக்கும்போது முதுகு நனைந்திருந்தது. நிர்வாகி முழுக்கக் கேட்டுவிட்டு, மெல்லச் சிரித்தார்.

"சரி, அந்த வரியைக் காட்டுங்க."

அழித்துவிட்டேன் என்றார். பழைய நகல் என்றார் நிர்வாகி. அதன் மேலேயே சேமித்துவிட்டேன் என்றார். பொறியாளரைக் கேட்கலாமே என்று இவரே சொன்னார். பொறியாளர் அன்றைக்குத் திறந்ததைத்தான் சொல்வார், மூடாததை அவர் எப்படிச் சொல்வார் என்று நிர்வாகி நியாயமாகவே கேட்டார்.

"அண்ணே, பத்தொன்பது வருஷமா உங்களைப் பார்க்கிறேன். கடிதம் அடிக்கிறவங்களையே சேமிச்சீங்களான்னு கேக்கிறவர் நீங்க. மச்சானுக்காகப் பழியைத் தூக்கித் தலையில போட்டுக்கறீங்க. உங்க மனசு யாருக்கும் வராது. ஆனா நான் அதுக்குச் சம்மதிக்க முடியாது."

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பாவம் செய்த இடத்துக்குப் பாராட்டு வந்து சேர்ந்தது. ஒரு மணி நேரத்துக்குள் கட்டடம் முழுக்கப் பரவிவிட்டது, ரூட்டர் அண்ணன் மச்சானுக்காக வேலையையே விடத் துணிந்தார் என்று. வரவேற்பில் இருக்கும் அக்கா, கேட்காமலே ஒரு டீ கொண்டுவந்து வைத்தார். இரத்தம் எடுக்கிற பெண் கண் கலங்க, உங்களை மாதிரி ஒரு அண்ணன் எனக்கு இல்லையே என்றாள். அவர் டீயை எடுத்துக்கொண்டு மூன்றாம் மாடி அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அது ஆறிப் போகும்வரை கையிலேயே இருந்தது. அதைக் குடிக்க அவருக்கு மனசு வரவில்லை.

சனிக்கிழமை பத்து மணிக்கு மச்சானின் அறைக்குப் போனார். ஒற்றை அறை. கட்டில், ஒரு மேஜை, சுவரில் சாவிக்கென்று ஓர் ஆணி, அதில் சாவி. மச்சான் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார், திங்கட்கிழமைக்குப் போட வேண்டியது உட்பட. வாங்க மாமா என்று கட்டிலில் இருந்த துணிகளை நகர்த்தினார். அண்ணன் உட்காரவில்லை. நின்றபடியே இரண்டாவது தடவையாக எல்லாவற்றையும் சொன்னார். மேடம் நம்பவில்லை என்றும் சொன்னார். மச்சான் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, மேஜை இழுப்பறையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

ரிப்போர்ட் சர்வரின் வருகைப் பதிவு அது. யார், எப்போது, எந்த முகவரியிலிருந்து, எந்த வாசலில் தட்டினார்கள் என்று சர்வர் தானே எழுதி வைப்பது. பொறியாளர் வந்து போன மறுநாளிலிருந்து போன சனிக்கிழமை வரைக்கும் வெளியார் ஒருவர்கூட அந்த ஒரு வாசலைத் தவிர வேறெங்கும் தட்டவில்லை. ஞாயிறு மின்சாரம் வந்த நிமிஷத்திலிருந்து எல்லா வாசலிலும் தட்டல். வியாழன் காலை பத்து மணி ஏழு நிமிஷத்துக்கு எல்லாம் நின்றுவிட்டது. அந்த ஏழாம் நிமிஷத்தில் தான் எங்கே நின்றிருந்தோம் என்று அண்ணனுக்குத் தெரியும்.

"இது எப்ப எடுத்தது?"

"வியாழக்கிழமையே. மேடம் கூப்பிடறதுக்கு முன்னாடி."

"அப்புறம் ஏன் காட்டல?"

மச்சான் சட்டைக் காலரைத் திருப்பிப் போட்டார்.

"காட்டத்தான் எடுத்தேன். அங்க மேடம் கதவு விஷயத்தை எடுத்ததும் கோவத்துல பாக்கெட்ல கை வச்சேன். அக்கா ஞாபகம் வந்துது. நீங்களே சொல்லுவீங்கன்னும் நினைச்சேன்." இஸ்திரிப் பெட்டியைத் திரும்ப எடுத்தார். "வேலை போனா வேற வேலை பார்த்துக்கலாம் மாமா. அந்தக் கதவுக் கதையை மட்டும் இனிமே சொல்லாதீங்க. அதான் என்னால முடியல."

பதினோரு வருஷத்தில் மச்சான் அவரிடம் கேட்ட முதல் காரியம் அது. அண்ணனுக்கு நிலம் விலகினால் உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

திங்கட்கிழமை அந்தத் தாளை நிர்வாகியின் மேஜையில் விரித்து வைத்தார். நிர்வாகி ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். பத்து ஏழில் விரல் நின்றது. "பத்து மணிக்கு நீங்க மாடிக்குப் போனதை நான் பார்த்தேன்" என்றார். அவர் முகம் மாறியது. வெள்ளிக்கிழமை சொன்ன நல்ல வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்துக்கொள்வது போலத் தாளை மெல்ல மடித்தார். பிறகு மச்சானைக் கூப்பிட்டு வருத்தம் தெரிவித்தார். அலமாரிச் சாவியை வாங்கி மச்சானிடம் கொடுத்தார். இனி ரூட்டரில் ஒரு வரி மாற்றினாலும் மச்சான் பக்கத்தில் நின்று பார்த்த பிறகுதான். யானைக்கும் அடி சறுக்கும், ஆனால் சறுக்கினதை மறைக்கிற யானையை என்ன செய்வது என்று கேட்டார். வேலை போகவில்லை. இடுப்பு மட்டும் லேசாக இருந்தது, அது அவருக்குப் பிடிக்கவில்லை.

மதியம் சாப்பாட்டு அறையில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். காலையில் நடந்தது இன்னும் மற்றவர்கள் காதுக்கு எட்டியிருக்கவில்லை. மச்சானுக்கு மன்னிப்புக் கிடைத்துவிட்டது, அதுவும் அண்ணன் தயவில் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். மருந்துக் குப்பிகளை அடுக்குகிறவர் நல்ல எண்ணத்தோடு, நிலைமையைக் கலகலப்பாக்க வேண்டும் என்று, மச்சான் முதுகில் தட்டினார். "என்ன மச்சான், இன்னைக்காவது கதவைப் பூட்டிட்டு வந்தீங்களா?" அறை முழுக்கச் சிரிப்பு. இரண்டு பேர் அண்ணன் பக்கம் திரும்பி, அந்த நாய் பார்த்த பார்வையை ஒரு தடவை செய்து காட்டச் சொன்னார்கள். மச்சான் டப்பாவை மூடினார்.

அண்ணன் எழுந்து நின்றார்.

"ரிப்போர்ட் சர்வரைத் திறந்து போட்டது நான். அதை மேடம்கிட்டச் சொல்லிட்டேன், நீங்களும் தெரிஞ்சுக்கணும். இன்னொண்ணு. இந்தக் கதவுக் கதையை உங்ககிட்ட நான் பாதிதான் சொல்லியிருக்கேன்."

சிரிப்பு அடங்கியது. அண்ணன் தன் கையில் இருந்த டப்பா மூடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அன்னைக்கு என் வீட்டுக்காரிக்கு ஏழாம் மாசம். திடீர்னு ரத்தம் போச்சு. லிஃப்ட் இல்லாத மூணாவது மாடி. இவன் அக்காவைக் கையில தூக்கிக்கிட்டு அத்தனை படியும் இறங்கி, ரோட்ல போன வண்டியை மறிச்சு ஆஸ்பத்திரியில சேர்த்தான். இன்னும் பத்து நிமிஷம் தாமதமாகியிருந்தா ரெண்டு பேரும் இல்லைன்னு டாக்டர் சொன்னாங்க. ரெண்டு கையிலயும் அக்காவை வச்சிருந்தவன் கதவை எப்படிப் பூட்டுவான்?"

யாரும் சாப்பிடவில்லை. மச்சான் போதும் மாமா என்றார், வெளியே கேட்காத குரலில். அண்ணன் உட்காரவில்லை. அந்தக் கதையை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார், ஒரு தடவைகூட அந்த நேரத்தில் தான் எங்கே இருந்தோம் என்று சொன்னதில்லை.

"வண்டியில போகும்போது இவன் எனக்கு மூணு தடவை போன் பண்ணினான். நான் மேல அந்த அறையிலதான் இருந்தேன். ரூட்டர்ல புதுசா ஒரு வரி எழுதிக்கிட்டிருந்தேன். பேரைப் பார்த்துட்டு, இவனுக்கு வேற வேலை இல்லைன்னு போனைக் குப்புறத் திருப்பி வச்சேன்."